எப்பவோ நடந்த குடல் ஆபரேஷன்... இப்போ வர்ற வயிற்றுவலி!

1956 ஜூன். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அதிகாலையில் ஆபரேஷன். சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் புண்ணாக்கிச் சுருக்கியிருந்தது க்ரோன்ஸ் நோய். முந்தைய வருடம்தான் மாரடைப்பு வந்திருந்த மனிதர். டாக்டர்கள் கெட்ட பகுதியை வெட்டி எடுக்காமல், ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போடுவதுபோல, அதை ஒதுக்கிவிட்டுச் சிறுகுடலைப் பெருங்குடலோடு இணைத்தார்கள். நவம்பரில் தேர்தலிலும் ஜெயித்துவிட்டார்!

ஆனால், இதே பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு, பல வருடங்கள் கழித்து, ஒதுக்கிவைத்த அந்தக் குடலிலேயே புற்றுநோய் வந்தது. சாப்பாடு அந்த வழியாகப் போவதில்லை என்பதால், கட்டி வளர்ந்தாலும் அடைப்பு தெரியாது. இப்போது பெரும்பாலும் நோயுள்ள பகுதியை வெட்டியே எடுத்துவிடுகிறார்கள்.

சிறுகுடல் புற்றுநோயே அபூர்வம்தான். சுமார் 6 மீட்டர் நீளக் குடல். ஆனால், ஜீரணப் பாதையில் வரும் புற்றுநோய்களில் இதன் பங்கு 5 சதவிகிதத்துக்கும் குறைவு. சாப்பாடு திரவமாக வேகமாகக் கடந்துவிடுகிறது, பாக்டீரியாக்கள் குறைவு, உள்சுவர் செல்கள் சில நாள்களிலேயே புதுப்பிக்கப்படுகின்றன என்று காரணங்கள் சொல்கிறார்கள்.

பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடல் முனையை வயிற்றில் வெளியே கொண்டுவந்து பை மாட்டியிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயிலும் அரிதாகப் புற்றுநோய் வரலாம், அதுவும் 20, 30 வருடங்கள் கழித்து. 'பை உரசிப் புண்ணாகியிருக்கும்' என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. புதிதாக முளைத்த சதை, ரத்தக்கசிவு, பை சரியாக உட்காராமல் போவது... இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்தால் தெரிந்துவிடும். பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் நோய்க்காகப் பெருங்குடலை எடுத்தவர்களுக்கு முன்சிறுகுடலிலும் புற்றுநோய் வரலாம். அதனால், ஆபரேஷன் முடிந்தாலும் எண்டோஸ்கோப்பி பரிசோதனை ஆயுளுக்கும் தொடரும்.

அப்பெண்டிக்ஸ் எடுத்தவர்கள் பதற வேண்டாம். இந்தக் கதை உங்களுக்கு இல்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பழைய ஆபரேஷன்காரருக்கு வயிறு வலித்தால், 'குடல் ஒட்டிக்கிட்டிருக்கும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால், வலியோடு எடை குறைகிறது, காரணம் தெரியாமல் ரத்தசோகை, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. 'மேலேயும் கீழேயும் கேமரா விட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை' என்பதும் போதாது. அந்த இரண்டுமே சிறுகுடலின் நடுப்பகுதியை எட்டாது. அதற்கு சி.டி. என்டரோகிராபி, கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி போன்றவை உண்டு. குடல் சுருங்கியிருந்தால் கேப்ஸ்யூல் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். எனவே, பழைய ஆபரேஷன் விவரத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் எங்காவது இருக்கும். தேடி எடுத்து, இன்றே மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எவ்வளவு குடலை எடுத்தார்கள், எதை எதோடு இணைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.