படத்தின் பின்புறம்

நவம்பர் திங்கள் பிறந்ததும் மரித்த உறவினரின் பெயர்களை எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுப்பது நம் இல்லங்களின் வழக்கம். அந்தப் பட்டியலை எழுத உட்காரும்போதுதான் பெட்டிக்குள் கிடக்கும் பழைய நிழற்படங்களும் வெளியே வருகின்றன. "இவர் யார்?" என்று பேரப்பிள்ளை கேட்கிறான். பாட்டிக்குத் தெரிகிறது, தாய்க்கு அரைகுறையாகத் தெரிகிறது, பாட்டிக்குப் பின் சொல்வதற்கு எவரும் இரார். தாம்பரம் பகுதியில் இந்தக் குறை சற்று அதிகம். நம்மில் பலர் வேறு ஊர்களிலிருந்து வந்து இங்குக் குடியேறியவர்கள் அல்லவா?

மயிலைப் பேராலயத்தையும் மவுண்ட் ரோட்டையும் அழகுக்காகப் படமெடுத்தார்கள். தாம்பரத்தை அவ்வாறு எடுத்தவர் அரியர். இங்கே புதுநன்மை வாங்கிய பிள்ளையையும், மணமக்களையும், ஊருக்குப் புறப்படும் மாமாவையும் எடுத்தார்கள். நகரம் தற்செயலாகப் பின்னால் நின்றது. இரயில் நிலையத்தின் பழைய முகப்பையும், ஜி.எஸ்.டி. சாலையோர மரங்களையும், சண்முகம் சாலைக் கடைகளையும் இன்று காண வேண்டுமாயின் நம் வீட்டு ஆல்பங்களில்தான் தேட வேண்டும்.

பின்னணியைக் கூர்ந்து நோக்கினால் காலமும் ஓரளவு புலப்படும். கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் 1931 மே 11 அன்று மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் கடைசி வண்டி 2004 சூலை 1 அன்று ஓடிற்று. உங்கள் சித்தப்பா சாய்ந்து நிற்பது அந்தச் சிறிய வண்டியாயின், படம் அதற்குப் பிற்பட்டதன்று. கிறித்துவக் கல்லூரி பட்டணத்து உயர் நீதிமன்றத்தின் எதிரிலிருந்து இங்கு வந்தது 1937-இல். கோவிலுக்குள் எடுத்த படத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கித் திருப்பலி நிறைவேற்றினால், அது பெரும்பாலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முற்பட்டது. இதையெல்லாம் சொல்லும்போது பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பைக் காட்டிலும் கவனமாகக் கேட்கிறார்கள்!

நேற்றைய காட்சிகூட விரைவில் பழையதாகிவிடுகிறது. பண்டிகைக்கு முந்திய இரவுகளில் மூட்டை முடிச்சுகளோடு தென்மாவட்டப் பேருந்துக்காகத் தாம்பரத்தில் நின்ற கூட்டத்தை நாம் அறிவோம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின் அக்கூட்டத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. அதை யாரேனும் படமெடுத்து வைத்திருக்கிறார்களா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "அந்தக் காலத்துத் தாம்பரம் ஒரு சோலை" என்று முதியோர் நெகிழ்ந்து சொல்வது பாதி உண்மையே. திறந்தவெளிக் காற்று காசநோயைத் தணிக்கும் என்று நம்பியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் அவர் நடத்திய மருத்துவ இல்லத்தில் கணிதமேதை இராமானுசனும் சிகிச்சை பெற்றார். அதே டாக்டர்தாம் 1928-இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தோற்றுவித்தார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதன் பின் நெடுங்காலம், "தாம்பரத்துக்குப் போயிருக்கிறார்" என்பது வெளியூர் வீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட சொல். வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார் சென்ற ஆண்டு ஒரு படம் கொண்டுவந்தார். நாற்பதுகளில் தாம்பரம் நிலையத்தின் முன் எடுத்தது. மூவர் நிற்கிறார்கள், வலது ஓரம் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டப்பட்டவரின் கை மட்டும் அம்மையாருடைய தந்தையின் தோள்மேல் இருக்கிறது. அது தந்தையின் தம்பி, சானடோரியத்தில் இறந்தவர் என்று ஒரு வயதான அத்தை சொல்லியிருந்தார். பெயரை அந்த அத்தையும் மறந்துவிட்டார். வீட்டில் "சின்னவர்" என்றே அழைத்தார்களாம். பெயரில்லாதவரை நவம்பர்ப் பட்டியலில் எவ்வாறு சேர்ப்பது? சொந்த ஊர்ப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னோம். தாத்தா பாட்டி பெயர்களுக்கு நேரே, குடும்பம் சொல்லிவந்த மூன்று பிள்ளைகளுக்குப் பதில் நான்கு பிள்ளைகள் இருந்தனர்! நான்காம் பெயரை அம்மையார் தம் கைப்பட எழுதி வந்தார். அந்நவம்பரில் அது பீடத்தருகே வாசிக்கப்பட்டது.

கத்தரி எடுத்தவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. மணமாக வேண்டிய பெண்பிள்ளைகள் அவ்வீட்டில் இருந்தார்கள். மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் காசநோயாளியை வீட்டிலேயே குணப்படுத்தலாம், வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று சென்னையில் நடந்த ஆய்வு உலகுக்கு அறிவிக்கத் தொடங்கியதே 1959-இல்தான். பின்னர் எச்.ஐ.வி. நோயாளிகளை அதே மருத்துவமனை ஏற்றுக்கொண்டபோதும் வீடுகளில் பழைய அச்சமே மீண்டும் எழுந்தது. அவர்களுடைய படங்கள் எத்தனை இல்லங்களில் தப்பினவோ!

ஆகவே இத்திங்களில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டு முதியவரை நடுவில் அமர்த்துங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர், உறவு, இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். பேனா மை முன்புறம் ஊறிவிடும். பசைத்தாள் மேல் பிளாஸ்டிக் உறை மூடிய ஆல்பங்களில் படங்களை விடாதீர்கள். அந்தப் பசை படத்தைக் கெடுக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களைவிட எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்களே முதலில் மங்குகின்றன என்பதால் அவற்றை முதலில் பிரதி எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பக்கம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்கள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவற்றை இழுத்துப் பிரிக்க வேண்டா. தூய நீரில் ஊறவிட்டுத் தாமே பிரியும்போது எடுத்து, முகம் மேல்நோக்க நிழலில் உலர்த்துங்கள். ஆண்டு தெரியாத திருமணப் படமாயின் பங்கு அலுவலகத் திருமணப் பதிவேட்டில் நாளும் சாட்சிகளின் பெயரும் கிடைக்கும். கைப்பேசியில் பிரதி எடுக்கும் பிள்ளைகளிடம், முன்புறத்தை எடுத்ததும் பின்புறத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.