கற்பிப்போர்க்கும் பயிற்சி வேண்டும்

1971-ல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தபின், வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் அங்கே பெருகின. எல்லைப் பிரதேசமாதலால் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வாலிபர்கள் வேலை பழக வருகின்றனர். வட நாட்டாரும் வருகின்றனர். இவர்களுக்குத் தொழில் கற்பிப்பவருக்கு யந்திர ஞானம் மட்டும் போதுமா? போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

பாடம் விளங்காவிடில் மாணாக்கனைச் செவிடன் என்பர். சங்கு ஊதிய விதத்தை ஆராய்வார் இல்லை. அதட்டலுக்கு அஞ்சிக் கேளாது விட்ட ஒரு கேள்வி, பிரஸ் யந்திரத்தில் ஒரு விரலைப் பலி கொள்ளக்கூடும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1916-லேயே சாஸ்திரப் பதங்களைத் தமிழில் ஆக்கச் சங்கம் கண்டார். பின்னர் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். கற்றவர் கேட்போனுடைய பாஷைக்கு இறங்கி வருவது இழிவன்று என்பதை அவர் செய்து காட்டினார்.

வேலை பழகுவோர்க்குப் பயிற்சியளிக்கும் கடமையை 1961-ம் வருஷத்துச் சட்டம் முதலாளிகள்மீது சுமத்தியுள்ளது. அக்கடமை மெய்யாக நிறைவேற வேண்டுமாயின், கற்பிப்போரை நியமிக்கையில் அவர்தம் கைத்திறனோடு இன்சொல்லையும் பொறுமையையும் சோதிக்க வேண்டும். குறைந்தோர்க்கு அவற்றைப் பயிற்றவும் வேண்டும். ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் இதனை உடனே கவனிப்பார்களாக!