வேரில்லாத உயிர்



பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வைக்கும் யாரையும் கேளுங்கள், அறுகம்புல்லைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது. களைக்கொட்டால் கொத்தி எறிந்தாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டுத் திரும்ப வந்துவிடும். அதைத்தான் பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டுகிறோம். அறுகுபோல் வேரூன்றி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம். கோடையில் மேலே கருகினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு சாவதில்லை.

அங்கேயே பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று கடந்துபோயிருப்பீர்கள். பல சமயம் அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஒற்றை உடல். குளிர்ந்த மலைகளில் மரப்பட்டையில் வளர்ந்து நம் பிரியாணிக்கு வந்து சேரும் கல்பாசியும் லைக்கன்தான். காய்ந்த திட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மேல்தோல் நனைந்து தெளிய, உள்ளிருக்கும் பாசியின் பச்சை சட்டென்று தெரியும்.

இதற்கு வேர் கிடையாது. இலைகளுக்கு இருக்கும் மெழுகுப் பூச்சும் கிடையாது. மழை, பனி, தூசு எதுவானாலும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடும் அப்படியே உள்ளே போகும். பல வகைகள் அதைத் தாங்குவதில்லை. 1866-ல் வில்லியம் நைலாண்டர் என்ற அறிஞர், பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் இருந்த லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து எழுதினார். காற்றின் தரத்தை லைக்கனை வைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம் பள்ளிப்பட்டு. வடகிழக்கு ஓரம் இரும்பு உருக்காலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி. ஆலைச் சுவரோரத்திலும் அறுகம்புல் தழைக்கும். அந்தப் பச்சையைப் பார்த்துக் காற்று சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. காற்றைப் பற்றிச் சாட்சி கேட்பதென்றால் நான் லைக்கனைத்தான் கேட்பேன்.

வெயிலும் வறட்சியும்கூட லைக்கனைக் குறைக்கும். ஆகவே பள்ளிப்பட்டையும் கும்மிடிப்பூண்டியையும் ஒப்பிட, ஒரே வகை மரமாக, புளியோ மாவோ, நெஞ்சளவு உயரத்தில் பாருங்கள். இரண்டு பகுதி வாசகர்களும் கண்டதைப் படத்தோடு எழுதி அனுப்புங்கள். ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: சுரண்டி எடுக்காதீர்கள். பாறையில் ஒட்டி வளரும் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்