வெட்டியாத்தானே படிக்கிறே?

நம்ம ஊரில் படிப்புக்கு இருக்கிற மரியாதையே தனி. எல்.கே.ஜி. பிள்ளைக்கு டியூஷன் உண்டு. பத்தாவது வந்துட்டா வீட்டில் கேபிள் கட். பிளஸ் டூ பிள்ளை படிக்குதுன்னா குக்கர் விசில்கூட அடங்கித்தான் அடிக்கணும். அதே வீட்டில் 46 வயசுப் பொம்பளை ஒருத்தி புத்தகத்தை விரிச்சு உட்கார்ந்தா என்ன நடக்கும்? "சும்மாத்தானே இருக்கே, இந்தச் சின்ன வெங்காயத்தக் கொஞ்சம் உரிச்சுக் குடேன்."

சும்மா இருக்கேனாம்!

எனக்குப் படிப்புன்னா ஒரு பித்து. மதுரையில் அரசு ஆபீஸ் ஒண்ணில் உதவியாளர் வேலை. வேலைக்கு வந்த பிறகுதான் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு, அப்புறம் கல்வெட்டியல் டிப்ளமோ. இப்போ என்.பி.டி.இ.எல்.ல மொழியியல், 12 வார ஆன்லைன் கோர்ஸ். சேர்றதுக்குக் காசு கிடையாது, பரிட்சை எழுதினால்தான் 1,000 ரூபாய். "அந்த ஆயிரத்துக்கு நல்லெண்ணெய் வாங்கிப் போட்டிருக்கலாம்" என்கிறார் மாமியார். அசைன்மென்ட்டை புதன்கிழமை ராத்திரி 11:59-க்குள்ள அனுப்பணும். வீட்டில் யாருக்கு எது காணாமப் போனாலும் அது புதன்கிழமை ராத்திரிதான் காணாமப் போகும். எப்படித்தான் தெரியுமோ!

ஆபீஸ் கதை இன்னும் விசேஷம். அரசு ஊழியர் மேற்படிப்பு படிக்கணும்னா துறையிடம் முன் அனுமதி வாங்கணும். ஃபைல் மேஜை மேஜையா ஊர்வலம் போகும். அதே ஹால்ல ஏலச்சீட்டு பிடிக்கிற ஆளிடம் யாரும் அனுமதிக் கடிதம் கேட்டு நான் பார்த்ததில்லை. சூப்பிரண்டு சார் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏம்மா, கூடுதல் படிப்புக்குக் குடுத்த இன்கிரிமென்ட்டைத்தான் 2020-லயே தூக்கிட்டாங்களே. இன்னும் எதுக்கும்மா படிக்கிறீங்க?" கேலி பண்ணலை அவர். நிஜமாவே புரியலை. அதுதான் வயித்தைக் கலக்குது.

எதுக்குப் படிக்கிறேன்னு சொல்றேன், நீங்களாவது கேளுங்க. மதுரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாங்குளம். அங்கே மலைக் குகையில் இருக்கிற எழுத்தை ராபர்ட் சீவெல் பார்த்தது 1882-ல். இந்த மாதிரிக் குகை எழுத்துகளில் இருக்கிறது தமிழ்தான்னு கே.வி. சுப்பிரமணிய ஐயர் சொல்ல 1924 ஆயிருச்சு. நெடுஞ்செழியன்னு ஒரு பாண்டியன் பேரு மாங்குளத்து எழுத்தில் இருக்குன்னு ஐராவதம் மகாதேவன் படிச்சுச் சொன்னது 1960-களில். ஒரு பாறை சொன்னது நம்ம காதில் விழ எத்தனை வருஷம், எத்தனை பேர்! இதைப் படிக்கிறப்போ எனக்குப் புல்லரிக்குது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரிடம் மூச்சு விடாமச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "சரி, கேஸ் புக் பண்ணிட்டியா?" என்றார்.

மகாதேவனும் அரசு வேலையில் இருந்தவர்தானே? ஐ.ஏ.எஸ். அதிகாரி. வேலையில் இருந்துகிட்டேதான் 1977-ல் சிந்து எழுத்துகளுக்கு அவ்வளவு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். 2018-ல் அவர் இறந்தப்போ எத்தனை இரங்கல், எத்தனை புகழ்! எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்லகூடக் கைகூப்பின படம் வரிசையா வந்துச்சு. படம் போட்ட அதே ஆட்கள்தான் என்னைப் பார்த்து, "மேடத்துக்கு வேற வேலை இல்லை" என்கிறாங்க. சரி, அவர் 1980-லயே விருப்ப ஓய்வு வாங்கிட்டார். நான் வாங்கினா ஹவுசிங் லோனை யார் கட்டறது?

"எல்லாத்தையும் பேலன்ஸ் பண்ணிக்கணும் மதினி" என்று நாத்தனார் அட்வைஸ். பண்ணிக்கலாம். ஐ.பி.எல். ரெண்டு மாசம் ஓடுது, ராத்திரி தவறாம மேட்ச், அதுக்குப் பேரு ரிலாக்ஸ். மாமியாரோட சீரியல் நேரத்தில் போன்கூட அடிக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் தராசில் வைக்கிறதில்லை. நான் அரை மணி நேரம் புத்தகத்தோட உட்கார்ந்தா மட்டும் குடும்பம் ஒரு பக்கமாச் சாஞ்சுருதாம்!

அதான் விடியக்காலை நாலரைக்கு எழுந்திருக்கேன். அப்பவாவது விடுறாங்களா? ஆடி வந்தா தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர். எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தங்கமான குரல். ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. அதைப் போய் ரேடியோ செட்டுக்காரரிடம் சொன்னா, "அக்கா, சாமி காரியம்" என்கிறார்.

சாமி காரியம்னதும் ஞாபகம் வருது. சரஸ்வதி பூஜை! எனக்கு முழுசா லீவு கிடைக்கிற நாள். அன்னைக்குப் பார்த்து என் புத்தகம் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் வச்சு அடுக்கிடுவாங்க. தொடக்கூடாது, படிக்கக்கூடாது. கும்பிடலாம். நம்ம நிலைமையை இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லிட முடியாது.

நூலகத்துக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. போறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. எல்லா மேஜையிலும் டி.என்.பி.எஸ்.சி. கைடு. பாவம், அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மனசு வரலை, அவங்களுக்கு அது வயித்துப்பாடு. பக்கத்தில் இருந்த பையன் மரியாதையாத்தான் கேட்டான்: "மேடம் குரூப் டூவா, குரூப் ஃபோரா?" ரெண்டும் இல்லை தம்பி, கல்வெட்டு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, பையை எடுத்துக்கிட்டு ரெண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துக்கிட்டான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் என் மகன், ஒன்பதாவது படிக்கிறான், என் தோளுக்குப் பின்னாடி நின்னு தமிழியை, அதான் அந்தக் குகை எழுத்தை, எட்டிப் பார்த்தான். அப்பாடா, ஒருத்தனாவது வந்தானேன்னு 'க' இப்படி, 'ம' இப்படின்னு எழுதிக் காட்டினேன். நல்லாத்தான் கேட்டுக்கிட்டிருந்தான். திடீர்னு, "அம்மா, இது சிலபஸ்ல இருக்கா?" என்றான். இல்லைடா என்றேன். போயிட்டான்.

அவனைச் சொல்லி என்ன செய்ய? மார்க் வராத எதையும் என்னைத் தவிர வேற யாரும் படிச்சு அவன் பார்த்ததே இல்லை. வேலை கிடைச்ச மறுநாளே புத்தகத்தை எடைக்குப் போடுற ஊர் இது.

உங்களிடம் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க வீட்டிலும் என்னை மாதிரி ஒரு கிறுக்கு இருக்கும். அடுத்த தடவை அது புத்தகமும் கையுமா உட்கார்ந்திருக்கிறப்போ, "என்ன பரிட்சை?"ன்னு கேக்காதீங்க. கேட்டே ஆகணும்னா, "என்ன புத்தகம்?"னு கேளுங்க. அதையும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கேட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.