128 ஓசைகளும் ஒரு றபானும்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான், தமது மகளுக்காக ஒரு டிஜிட்டல் பியானோவைக் கொண்டுவந்திருந்தார். புதியதன்று. அங்கு வேலை முடித்து ஊர் திரும்பிய ஒருவரிடம் மலிவாக வாங்கியது. அதனைக் கணனியுடன் இணைத்துத் தரும்படி சாய்ந்தமருதிலுள்ள தங்கை வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகத்தில் கட்டைகளைத் தட்டியவன் இந்தக் கட்டைகளையும் அறிந்திருப்பான் என்று எண்ணினார்கள் போலும்.

இணைப்பதில் சிரமம் இருக்கவில்லை. ஒரு யு.எஸ்.பி. வயர் போதுமானதாக இருந்தது. சிரமம் அதன் பின்னர்தான் தொடங்கியது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம் இரண்டு முறை ஒலித்தது. பியானோவின் சொந்த ஓசை கம்பீரமாக இருக்க, கணனி வழியாகக் கேட்ட பியானோவோ தகரத்தில் தட்டியது போலிருந்தது. கையேட்டில் 48 என்று போட்டிருந்த நரம்பிசைக் குழுவைத் தெரிவு செய்தோம். வந்ததோ 'டிம்பனி' எனப்படும் மேலைத்தேய முரசின் முழக்கம். மருமகள் சிரித்துவிட்டாள். "மாமா, வயலின் கேட்டா மேளம் வருது" என்றாள்.

இரண்டு இரவுகள் கையேட்டைப் புரட்டிய பின்னர் விடயம் விளங்கிற்று. அதனை இங்கு சற்று விரிவாகவே சொல்கிறேன். இதே இடரில் அகப்பட்டவர்களுக்குப் பயன்படும். நான் சொல்ல வந்த கருத்தும் இதற்குள்தான் இருக்கிறது.

பியானோவிலிருந்து கணனிக்குச் செல்வது ஓசையன்று. 'மிடி' என்னும் அந்த ஏற்பாட்டில் வயர் வழியே ஓடுவன வெறும் எண்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, எத்தனையாம் இலக்க ஓசையில் ஒலிக்க வேண்டும் என்பனவே அவை. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய ஏற்பாடு இது. 1983 ஜனவரியில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினார்கள். அதற்காக 2013 இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

எண்கள் மாத்திரமே செல்வதால், எந்த எண்ணுக்கு எந்த ஓசை என்பதை இரு பக்கத்தாரும் ஒரே விதமாக அறிந்திருக்க வேண்டும். சில கையேடுகள் பூச்சியத்திலிருந்து எண்ணுகின்றன. சில மென்பொருள்கள் ஒன்றிலிருந்து எண்ணுகின்றன. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 48 நரம்பிசைக் குழு. ஒன்றிலிருந்து எண்ணினால் அதே 48 டிம்பனி. ஒரு வீடு தள்ளிக் கதவைத் தட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். பியானோவின் தரமான ஓசைகளோ வேறு 'பேங்க்'கில், அதாவது வேறு தொகுதியில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பெற வேண்டுமாயின் முதலில் 0 ஆம் கட்டுப்பாட்டு எண்ணாலும், பின்னர் 32 ஆம் கட்டுப்பாட்டு எண்ணாலும் தொகுதியைச் சொல்லி, அதன் பிறகே ஓசையின் எண்ணை அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் பழைய ஓசையே வரும். சுரம் இரட்டித்தமைக்குக் காரணம், பியானோ தானாகவும் ஒலித்து, கணனி திருப்பி அனுப்பிய கட்டளைக்காக மறுபடியும் ஒலித்தமையாகும். 'லோக்கல் கண்ட்ரோல்' என்பதை நிறுத்தியதும் அது தீர்ந்தது.

இந்தக் குழப்பத்தை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகளில் பணியாற்றிய எவரும் கண்டிருப்பர். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சுச் செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று காட்சி தரும். எண்கள் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கும். அந்த எண்களுக்கு உரிய எழுத்துகள் எவை என்ற பட்டியல்தான் அங்கு இராது. இரவு பதினொரு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டிய மரண அறிவித்தல் இப்படி வந்து சேர்ந்த நாட்களில் நாம் பட்டபாடு சொல்லுந்தரமன்று.

எழுத்துக்கு அந்தச் சிக்கலைத் தீர்த்தது யுனிகோடு. அதன் முதற்பதிப்பு வெளிவந்தது 1991 இல். தமிழும் அதில் இடம்பெற்றது. தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஓசைக்கு அதே சிக்கலைத் தீர்க்க 'ஜெனரல் மிடி' என்ற பொதுப் பட்டியல் வந்ததும் அதே 1991 இல்தான். அதிலும் 128 இடங்கள். ஒரே ஆண்டு, ஒரே எண்ணிக்கை. முதலாவது அட்டவணையில் நாம் இருக்கிறோம். இரண்டாவதில் இல்லை.

அந்தப் பட்டியலை ஒருமுறை முழுமையாக வாசித்துப் பாருங்கள். முதலாவது பியானோ. 105 சித்தார். 107, 108, 117 ஆகியன ஜப்பானின் ஷமிசென், கோதோ, தைகோ முரசு. 110 ஸ்கொட்லாந்துக்காரரின் பைக் குழல். 112 வடஇந்தியரின் ஷெனாய். தாள வாத்தியங்களுக்குத் தனியே 47 ஓசைகள்: கொங்கா, பொங்கோ, மராக்காஸ் என்று இலத்தீன் அமெரிக்காவே அங்கு குடியிருக்கிறது. மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, தபேலாவும் இல்லை. ஆனால் 126 ஹெலிகொப்டர். 128 துப்பாக்கி வெடி. 1990 இல் கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு இவ்விரு ஓசைகளையும் எந்தப் பெட்டியும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதில் சதி ஏதுமில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள், தமக்கும் தம் வாடிக்கையாளருக்கும் பழக்கமான ஓசைகளை எழுதினார்கள். அமெரிக்கரும் ஜப்பானியரும் இருந்தனர். ஆகவே அவர்களின் வாத்தியங்கள் இருக்கின்றன. நாம் இருக்கவில்லை. அடுத்தவர் நம்மை மறந்தார் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைகூறிக் கொண்டிருப்பதில் பொருளில்லை. நம்முடையதை நாம் பதிந்து வைத்தோமா என்பதே கேள்வி.

மிருதங்கமும் நாதசுவரமும் இன்று கணனி ஓசைத் தொகுப்புகளாக விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சந்தை உண்டு. எங்கள் கரையின் ஓசைகளுக்குச் சந்தை இல்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களில் பக்கீர் பாவாக்கள் அடிக்கும் றபானை எந்த நிறுவனம் பதிந்து விற்கப் போகிறது? அண்ணாவியாரின் பாட்டுக்கு வட்டமாக நின்று கம்போடு கம்பு மோதும் பொல்லடியின் ஓசையை யார் தேடி வருவார்கள்? வயற்காவலில் இரவு முழுதும் கவி பாடியவர்களின் குரல், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் விதம், பன்னிரண்டு கட்டைகளுக்கு இடையில் எங்கோ இருக்கிறது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைத் தேடித் திரட்டி நூலாக்கினார்கள். அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அச்சில் ஏறியவை சொற்களே. அவற்றின் இராகம் பாடியவரோடு மையவாடிக்குப் போய்விட்டது.

இங்கு சிலர் குறுக்கிடுவார்கள் என்பதை அறிவேன். பியானோ வந்திறங்கிய அன்றே அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். இசை கூடுமா, கூடாதா என்ற விவாதம் நமது சமூகத்தில் நேற்றுத் தோன்றியதன்று. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் இசை கேட்டல் பற்றித் தனியொரு பகுதியே எழுதினார்கள். அல் பாராபி இசைக்கெனப் பெருநூல் செய்தார். திருமணத்தில் தப்ஸ் கொட்டுவதை எவ்வளவோ உலமாக்கள் ஏற்றிருக்கின்றனர். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையவன் அல்லன். எனினும் ஒன்றைச் சொல்லலாம். ஓர் ஓசையை விரும்பாதவரும் அது இருந்தது என்பதை அழிக்க வேண்டியதில்லை. பதிவு செய்வது வரலாற்று வேலை. கூடுமா என்ற விவாதம் முடியட்டும் என்று காத்திருந்தால், அது முடிவதற்குள் அடிக்கத் தெரிந்த கைகள் ஓய்ந்துவிடும். கடற்கரைப் பள்ளிக்கு வரும் பாவாக்களில் நான் இளைஞனாக இருந்தபோது கண்ட முகங்கள் இன்று மிகச் சிலவே.

சாய்ந்தமருதிலிருந்து தெற்கே நடந்தால் அடுத்த ஊர் காரைதீவு. 1892 இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. அவர் விஞ்ஞானம் பயின்ற பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பண்டைத் தமிழரின் யாழ் அவர் காலத்தில் ஒருவர் கையிலும் இல்லை. அதன் ஓசையைக் கேட்ட செவியும் இல்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, சுரங்களுக்கு இடையிலான அலகுகளைக் கணக்கிட்டு, வில்யாழ் முதலாக யாழ் வகைகளை மீட்டெடுக்க ஆண்டுக்கணக்காக உழைத்தார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

மறைந்துபோன ஓசையை மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்நாள் தேவைப்பட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இன்னும் மறையாத ஓசையைக் காப்பாற்ற ஒரு பிற்பகல் போதும். நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்கான கருவிகள் விலையுயர்ந்தவை அல்ல. பியானோவைக் கணனியில் அமைக்கும்போது நான் கற்ற மிகப் பயனுள்ள செய்தி இதுவே: ஓசைகளின் பெயர்ப் பட்டியல் பூட்டி வைக்கப்பட்ட ஒன்றன்று. கேக்வாக் போன்ற மென்பொருள்களில் ஒரு வாத்தியத்தின் ஓசைப் பெயர்கள் சாதாரண உரைக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். நோட்பேட் தெரிந்த எவரும் திறந்து திருத்தலாம். பதிந்த ஓசைகளைக் கட்டைகளில் ஏற்றுவதற்கான 'எஸ்.எஃப்.இஸட்.' என்னும் வடிவமும் அவ்வாறே வெறும் உரைதான். இந்த ஒலிக்கோப்பு, இந்தக் கட்டை, மெதுவாக அழுத்தினால் இது, வேகமாக அழுத்தினால் அது என்று வரி வரியாக எழுதினால் முடிந்தது. அதனை வாசிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரங்களுக்கும் வழியுண்டு. சுரத்தை வளைக்கும் சக்கரம் 16,384 படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கவி பாடியவரின் வழுக்கலுக்கு அது தாராளமாகப் போதும்.

மருமகள் இதைச் செய்து பார்த்தாள். வழமையாக அவர்கள் வீட்டுக்கு வரும் முதிய பாவா ஒருவரின் றபானைக் கைத்தொலைபேசியில் பதிந்தாள். நடுவில் ஓர் அடி, ஓரத்தில் ஓர் அடி, விரல் நுனியால் ஓர் அடி. ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மும்முறை எடுத்தாள். மின்விசிறியை நிறுத்தியும் தெருவில் ஓடிய முச்சக்கர வண்டியின் ஓசை இரண்டில் கலந்துவிட்டது. அவற்றை மீண்டும் எடுத்தாள். பிறகு மூன்று கட்டைகளில் ஏற்றி, அந்த வரிசைக்கு 'றபான்' என்று தமிழில் பெயரிட்டாள்.

பாவாவை அமரவைத்து அழுத்திக் காட்டினோம். கவனமாகக் கேட்டார். "அடி என்டதான். கை எங்க மகள்?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். தோலைத் தீயில் வாட்டி, விறைப்புப் பார்த்து, பாட்டின் மூச்சுக்கேற்ப அடியை மாற்றும் கையை ஒன்பது கோப்புகளில் அடக்க முடியாது. ஆகவே அடியை மாத்திரமன்றி முழுப் பாட்டையும் பதிய வேண்டும். அடிப்பவரின் கையைக் காணொளியாக எடுக்க வேண்டும். அவரின் பெயரும் ஊரும் யாரிடம் கற்றார் என்பதும் அவரின் அனுமதியும் உடன் எழுதப்பட வேண்டும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கரையோரமெங்கும் பாடசாலைகள் இருக்கின்றன. இசை ஆசிரியர் இன்மையால் எங்கள் பிள்ளைகளில் அநேகர் சித்திரத்தையே தெரிவு செய்கிறார்கள் என்பது நான் கண்ட நிலை. அதற்காக இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விடுமுறைக் காலத்தில் ஓர் ஊருக்கு நான்கு பிள்ளைகளும் ஒரு கைத்தொலைபேசியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைக் கடலுக்குக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். அன்று மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மனிதரோடு சேர்ந்து புகைப்படங்களும் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் போயின. ஒரே பிரதியாக வைத்திருப்பது வைத்திராமைக்குச் சமம் என்பதை அன்று நாங்கள் கற்றோம். வெளிநாடுகளில் வாழும் எம்மவர்கள் இதில் உதவலாம். பதிவுகளின் இன்னொரு பிரதி தொரொன்டோவிலோ இலண்டனிலோ தோஹாவிலோ இருக்கட்டும்.

பியானோ இப்போது சரியாக ஒலிக்கிறது. வயலின் கேட்டால் வயலினே வருகிறது. மருமகளின் பட்டியலில் 128 ஓசைகளுக்குக் கீழே 129 ஆவதாக ஒன்று இருக்கிறது. 130 ஆவதற்கு அவள் பொல்லடி அண்ணாவியார் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் புறப்படுவதாக இருக்கிறோம்.