‘பால் பத்தலை’ என்று தீர்ப்பெழுதும் முன்

பிறந்து மூன்று மாதம் வரை மளமளவென்று எடை ஏறிய குழந்தை, நான்காவது மாதத்தில் சற்று நிதானிக்கிறது. பார்க்க வரும் உறவினர்கள் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “பால் பத்தலை போலிருக்கே” என்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை அதே வயதில் கொழுகொழுவென்று இருப்பதும் சாட்சியாக வந்து நிற்கிறது. அடுத்த வாரமே பால் பவுடர் டின் அடுக்களைக்கு வந்துவிடுகிறது. புட்டி நுழைந்ததும் குழந்தை மார்பில் குடிப்பது குறைகிறது. குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். பொய்யாகச் சொன்னது ஒரே மாதத்தில் மெய்யாகிவிடுகிறது. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறான அளவுகோலை வைத்து எழுதப்படுகிறது என்பதே என் வாதம். தாய்ப்பாலில் இருக்கும் ஹார்மோன்களைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் தெரியவந்தவை இந்த வாதத்துக்குத் துணை நிற்கின்றன. எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உடலில் போதிய கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு கண்டறிந்தது. மூன்றே ஆண்டுகளில் அது தாய்ப்பாலிலும் இருப்பது தெரிந்தது. அடிபோனெக்டின், இன்சுலின், கிரெலின், கார்டிசால் என்று பட்டியல் பிறகு நீண்டது.  ஸ்பெயினின் மயோர்கா தீவில், உடல் பருமன் இல்லாத 28 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. முதல் மாதப் பாலில் லெப்டின் அதிகமிருந்த தாயின் குழந்தை, இரண்டு வயதில் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் ஒல்லியாக இருந்தது. பால்குடி எலிகளுக்கு வாய்வழியாக லெப்டின் கொடுத்தபோது, வளர்ந்த பிறகு அவை எளிதில் பருக்கவில்லை. சின்சினாட்டியிலும் மெக்சிகோ நகரிலும் நடந்த ஆய்வில், பாலில் அடிபோனெக்டின் கூடுதலாக இருந்த குழந்தைகளின் எடை முதல் ஆறு மாதங்களில் சற்றுக் குறைவாக இருந்தது. தாய்ப்பால் வயிற்றை நிரப்புவதோடு, எவ்வளவு போதும் என்ற குறிப்பையும் குழந்தைக்குக் கொண்டுசெல்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பெற்றது.

ஆனால் இங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். 28 தாய்மார் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. பருமனான தாயின் பாலில் லெப்டின் கூடுதலாக இருக்கும் என்பதால், குழந்தையிடம் காண்பது பாலின் விளைவா, பரம்பரையின் விளைவா, வீட்டுச் சாப்பாட்டின் விளைவா என்று பிரிப்பது கடினம். இன்னும் பெரிய தடை பெலாரஸிலிருந்து வருகிறது. அங்கே 1996-97இல் 31 மகப்பேறு மருத்துவமனைகளில் 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஒரு பெரும் சோதனை தொடங்கியது. தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்த மருத்துவமனைகளின் குழந்தைகள், மற்ற மருத்துவமனைகளின் குழந்தைகளைவிடக் கூடுதல் காலம் தாய்ப்பால் குடித்தார்கள், வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் பதினொன்றரை வயதில் அளந்தபோது, உடல் பருமனில் இரு பிரிவுக்கும் பயனுள்ள வேறுபாடு இல்லை. ஆகவே ‘தாய்ப்பால் ஹார்மோன் குழந்தையை ஒல்லியாக வளர்க்கும்’ என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஹார்மோன்களின் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை இருக்கலாம். வளர்ச்சியின் போக்கில் சண்டை இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேகமாகவும், பிறகு புட்டிப்பால் குழந்தையைவிட மெதுவாகவும் எடை கூடுகிறது. உலகெங்கும் நெடுங்காலம் புழங்கிய 1977ஆம் ஆண்டு அமெரிக்க வளர்ச்சி அட்டையில், கைக்குழந்தைகளுக்கான அளவுகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த ஓஹையோ குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. அந்த அட்டையில் வைத்துப் பார்த்தால் நலமாக இருக்கும் தாய்ப்பால் குழந்தையும் நோஞ்சானாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை டெல்லி உள்பட ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, தாய்ப்பால் குழந்தையையே அளவுகோலாக வைத்து 2006இல் புதிய அட்டையை வெளியிட்டது. நம் அங்கன்வாடிகளில் இன்று இருப்பது அதுதான். அட்டை மாறிவிட்டது, பார்க்கும் கண் இன்னும் மாறவில்லை.

புட்டிப்பால் குழந்தை ஏன் வேகமாகப் பருக்கிறது? பாலில் வரும் ஹார்மோன் ஒரு பக்கம் இருக்க, பால் தூண்டிவிடும் ஹார்மோனும் உண்டு. பால் பவுடரில் புரதம் தாய்ப்பாலைவிட அதிகமாக இருந்துவந்தது. கூடுதல் புரதம் குழந்தையின் உடலிலேயே இன்சுலினையும், அதைப் போன்ற வளர்ச்சிக் காரணிகளையும் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த சோதனையில், புரதம் குறைத்த பவுடரைக் குடித்த குழந்தைகள் இரண்டு வயதில் தாய்ப்பால் குழந்தைகளின் எடையை ஒட்டியே இருந்தார்கள். ஆறு வயதிலும் அவர்களிடம் உடல் பருமன் குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் கொழுகொழுப்பை ஆரோக்கியத்தின் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது போதுமான காரணம்.

ஊட்டச்சத்துக் குறைவு இவ்வளவு இருக்கும் நாட்டில் ‘மெதுவாக வளர்வது இயல்பு’ என்று சொல்வது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெதுவாக ஏறுவது வேறு, ஏறாமல் நிற்பதோ இறங்குவதோ வேறு. அட்டையில் தன் கோட்டை ஒட்டியே போகிற, நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிற குழந்தைக்குப் பால் போதுகிறது. கோட்டை விட்டுக் கீழே சரியும் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் கூடுதல் ஊட்டம் சொன்னால் தயங்காமல் தர வேண்டும். ஆறு மாதம் முடிந்தபின் திட உணவும் தொடங்க வேண்டும். அதற்குமேல் பால் மட்டும் போதாது. அதோடு, புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் காட்டியதையும் மறக்கக் கூடாது. சராசரி 2.7 கிலோவில் பிறந்த அங்குள்ள குழந்தைகளை 3.5 கிலோ பிரிட்டிஷ் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, தசையே அதிகம் குறைந்திருந்தது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இப்படிப்பட்ட குழந்தையை அவசரமாகப் பருக்க வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

அப்படியானால் அந்த ஹார்மோன்களைப் பவுடரில் கலந்துவிடலாமே என்றும் கேட்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்வழி இன்சுலின் கொடுத்த சோதனை ஒன்று 2022இல் வெளியானது. அவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 4 நாள் முன்னதாகவே முழு அளவுப் பாலுக்கு மாறினார்கள். நல்ல செய்திதான். ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவில், மருத்துவர் கண்காணிப்பில் தரும் மருந்து. கடை அலமாரியில் டின்மேல் அச்சடிக்கும் வாசகம் அல்ல. பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு பயம் கிளம்பியிருக்கிறது: எடை கூடிய தாயின் பாலிலும் சர்க்கரை நோயுள்ள தாயின் பாலிலும் ஹார்மோன் அளவு மாறுபடுகிறதே, அது குழந்தைக்குக் கெடுதலோ என்று. பாலை நிறுத்தச் சொல்லும் ஆதாரம் எதுவும் அதில் இல்லை.

இதெல்லாம் பெண்ணின் தலையில் இன்னொரு சுமை என்ற ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்போர் நாட்டில் சுமார் 64 சதவீதம். தமிழ்நாட்டில் 55 சதவீதம். மருத்துவமனைப் பிரசவத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் பின்தங்குவதற்குத் தாய்மாரின் அக்கறையின்மை காரணமல்ல. இங்கே நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். முதல் மணி நேரப் பாலூட்டல் அங்கேயே தடுமாறுகிறது. மாநில அரசு ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் 26 வாரம் உண்டு. சித்தாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவருக்கு ஒரு நாள்கூட இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. எடை பார்க்கும் செவிலியர்கள் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாமல், அட்டையில் உள்ள கோட்டைத் தாயிடமும் கூட வந்த மாமியாரிடமும் காட்டி விளக்கட்டும். அரசு அந்தக் கூலிக்கு முழு ஈடு தரட்டும்.