சோறு குறையட்டும், காளான் கூடட்டும்



"சர்க்கரை இருக்கிறவங்க காளான் சாப்பிடலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம்.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு இருக்கிறது. ஆனாலும் நம் மதியத் தட்டில் இன்றும் சோறுதான் மலையாக நிற்கிறது. காய் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்தக் கணக்கை மாற்றத்தான் காளான் உதவும். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அதே எடையுள்ள பச்சை மொட்டுக் காளானில் 3 கிராம்தான். கலோரியும் 22 தான். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் நிறையச் சாப்பிட்டாலும் சர்க்கரை துள்ளாது. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, உணவிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கக்கூடியது. பி வைட்டமின்களும் செலினியமும் உண்டு. நறுக்கிய காளானை நடுப்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் அதில் வைட்டமின் டி உருவாகும்.

மொட்டுக் காளான்தான் வேண்டும் என்பதில்லை. சிப்பிக் காளானும் பால் காளானும் நம் ஊரிலேயே வைக்கோல் படுக்கையில் வளர்கின்றன. பால் காளானுக்கு நம் சமவெளி வெக்கை ஒத்துப்போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் குடிசை போட்டுக் காளான் வளர்க்கும் பெண்கள் இருந்தால் அவர்களிடமே வாங்குங்கள். அன்று பறித்தது அன்றே கிடைக்கும்.

சமைப்பதில்தான் எனக்குக் கவலை. மைதாவிலும் சோள மாவிலும் புரட்டி எண்ணெயில் பொரித்த காளான் சில்லியும், தள்ளுவண்டிக் காளான் மசாலாவும் நான் சொல்லும் கணக்கில் சேராது. காளான் பிரியாணி என்றாலும் அது சோறுதான். நல்லெண்ணெய் ஒரு கரண்டி, நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கறிவேப்பிலை போதும். காளானை ஊறவிடாமல் சட்டென்று அலசி, அது விடும் தண்ணீரிலேயே வதக்குங்கள். ஒரு கிண்ணம் கறியைத் தட்டில் முதலில் வையுங்கள். சோற்றை அதற்குப் பிறகு பரிமாறுங்கள். சோற்றைக் குறைக்காமல் காளானைக் கூடுதலாகச் சாப்பிட்டால் பலன் பெரிதாக இராது.

காளான் மருந்தில்லை. சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விற்கும் காளான் பொடியையும் மாத்திரையையும் நம்பி மருந்தையோ இன்சுலினையோ நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், காளானில் பொட்டாசியம் இருப்பதால், மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்களும் அப்படியே. மழைக்குப் பின் தோட்டத்தில் முளைத்ததை, நன்றாகத் தெரிந்தவர் கூட இல்லாமல், பறித்துச் சமைக்கவே கூடாது. சில காளான்களின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது.

இந்த வாரம் ஒருநாள் சோற்றைப் பாதியாக்கி, காளான் கறியை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். சாப்பிடுமுன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைச் சோதித்து, வழக்கமான நாளோடு ஒப்பிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்